கைமாத்து நோட்டு: பள்ளிக்கூடம், கோயில், தங்கச்சி மகன் மூன்றையும் ஒரு வீட்டில் ஓட்டும் விதம்

போன வருஷம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் அம்மாவும் நானுமாகத் தங்கச்சி மகனுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குள் இரண்டு தடவை காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டோம். அன்று காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினெட்டாம் மாத ஊசி போட்டிருந்தார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றே முக்காலுக்குப் பிள்ளை உடம்பு சுட்டதும் அம்மா சிரப் கொடுத்திருக்கிறாள். ஐந்து மணிக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தொட்டுப் பார்த்தேன், சுட்டது, நானும் கொடுத்தேன். அம்மா அந்த நேரம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே வந்து, "மருந்து அப்பவே கொடுத்துட்டனே மக்கா" என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

தங்கச்சி அப்போது ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்தாள். போன் போட்டேன். அவள் பதறவில்லை. "எந்த பாட்டில்? எத்தனை மில்லி? ரெண்டு தடவையும் எத்தனை மணி?" என்று கேட்டு, டூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். பிள்ளை எடைக்கு இரண்டு தடவையும் சேர்த்தே பெரிய ஆபத்து இல்லை என்றார்களாம். ராத்திரி பதினொரு மணி வரை இனி ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் பாக்கிய. ஆனா ஹேண்ட்ஓவர் இல்லாம பாக்கிய."

என் கதை இதுதான். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் டீச்சர். ஈராசிரியர் பள்ளி. எனக்கு ஒன்றும் இரண்டும் மூன்றும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் (சர்ச்சைத்தான் கோயில் என்போம்) ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பு. தங்கச்சி நர்ஸ், ஷிப்ட் டூட்டி. அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில். அவர்கள் மகனுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. அவள் டூட்டிக்குப் போகும் நேரமெல்லாம் அவன் எங்கள் வீட்டில்தான், பகலில் அம்மாவிடம், நான் வந்தபிறகு என்னிடம். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டில் இருப்பார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

இந்த மாதிரி வீடு என் ஒருத்திக்கு மட்டும் இல்லை. எங்கள் திருமண்டலத்தில் (இந்தப் பக்கத்துச் சபைகளெல்லாம் சேர்ந்த அமைப்பு) பாதி டீச்சர்மாருக்கு இதே பாடுதான். பேரனோ, அண்ணன் மகளோ, யாரோ ஒரு பிள்ளை இடுப்பில் இருக்கும். நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். நானும் அட்டவணை போட்டுப் பார்த்தவள்தான். சிக்கல் பெரும்பாலும் நேரத்தில் இருக்காது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறுகிற இடத்தில் இருக்கும் என்பது அந்தப் புதன்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

நோட்டு போடுவது

வார்டில் டூட்டி மாறும்போது நர்ஸ்மார் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்வார்களாம். "நல்லா இருக்காங்க" என்று சொன்னால் திட்டு விழும். எத்தனை மணிக்கு என்ன கொடுத்தது, அடுத்தது எப்போது, எதைக் கவனிக்க வேண்டும், இவ்வளவுதான் பேச்சு. அதையே வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

நான் வாத்தியார் புத்தியைக் காட்டிவிட்டேன். நாற்பது பக்க நோட்டில் ஏழு கட்டம் போட்டு, தலைப்பு எழுதி, சிவப்பு மையில் கோடு கிழித்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் என்ன கணக்குப்பிள்ளையாட்டி?" மூன்று நாள் கட்டமெல்லாம் காலியாகக் கிடந்தது. நீங்கள் போடும்போது கட்டம் போடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். தேதி மேலே. கீழே நாலே சொல்: சாப்பாடு, தூக்கம், வயிறு, மருந்து. அதற்கு நேராக மணி மட்டும் எழுதினால் போதும். "தூக்கம் 12.40 - 2.30." "வயிறு 1 தடவை, இளக்கம்." கடைசியில் ஒரு வரி, "சொல்ல வேண்டியது." அதில் எதையும் எழுதலாம், எழுதாமலும் விடலாம்.

பேனாவை நோட்டோடு சணல் கயிற்றில் கட்டுங்கள். அம்மாவின் கண்ணாடிக்கும் அங்கேயே ஓர் ஆணி அடித்தோம். இது அற்பமாகத் தோன்றும். கண்ணாடி தேடுகிற சோம்பலில்தான் எங்கள் வீட்டில் பாதி எழுத்து எழுதப்படாமல் போனது.

மருந்துக்குத் தனிச் சட்டம். மருந்து பாட்டிலும் நோட்டும் ஒரே அலமாரித் தட்டில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். நோட்டைப் பார்க்காமல் மூடியைத் திறக்கக் கூடாது, கொடுத்த கையோடு எழுதாமல் மூடியை மூடக் கூடாது. வீட்டில் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்க வேண்டும். பாராசிட்டமால் ஒரே பெயரில் சொட்டு மருந்தாகவும் வரும், சிரப்பாகவும் வரும். சிரப்பிலேயே 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. "ஒரு மூடி குடு" என்று போனில் சொன்னால் எந்தப் பாட்டிலின் மூடி என்ற கேள்வி வரும். அளவை டாக்டர் சொன்னபடி பாட்டில் மேலேயே ஒரு துண்டுத்தாள் ஒட்டி எழுதிவையுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கும் அப்படித்தான். பெரிய பாக்கெட் ஒன்றை 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது.

நோட்டின் அட்டையில் என்ன பெயர் எழுதுவது என்று மகள் கேட்டாள். ஹேண்ட்ஓவர் என்று எழுதினால் அம்மாவுக்கு அந்நியமாக இருக்கும். கை மாறுகிற நோட்டுதானே என்று "கைமாத்து" என்று எழுதிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சரு, யாருக்கெல்லாம் கடன் குடுத்திருக்கிய?" என்று கேட்டார். தங்கச்சிக்கு வட்டியில்லாத கைமாத்து என்று சொல்லிச் சிரித்தோம்.

காலை: சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

நான் எழுந்திருப்பது நாலே முக்கால். முதல் அரை மணி நேரம் எனக்கு. வேதம் வாசிப்பேன், ஜெபம் செய்வேன், சில நாள் சும்மா திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பேன். இதை விட்டுவிட்டால் அந்த நாளில் யாரிடமாவது எரிந்து விழுவேன், பெரும்பாலும் மகளிடம்.

தங்கச்சிக்குக் காலை ஷிப்ட் என்றால் ஆறேகாலுக்குப் பயலைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். அவன் தூக்கத்தில் இருப்பான். அந்த நேரம் பேசினால் விழித்துக்கொள்வான். அதனால் அவள் வீட்டிலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதி அவன் பையில் செருகிக் கொண்டு வருவாள். "ராத்திரி 2 மணிக்கு எழுந்தான். பால் 150. மூக்கு அடைப்பு." தொட்டிலில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளை கை மாறிவிடும்.

எட்டு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போதுதான் ரகளை. ஆரம்பத்தில் பயல் சமையலறைப் பக்கம் போன நேரம் பார்த்து நைசாக நழுவினேன். அம்மாவும், "போட்டி, போ, பாக்கதுக்கு முன்ன போயிரு" என்பாள். பிறகு அவன் அறை அறையாக, கதவுக்குப் பின்னால், பீரோவுக்குப் பின்னால் என்னைத் தேடியிருக்கிறான். ஒரு வாரத்தில் நான் குளிக்கப் போனாலும் அழ ஆரம்பித்தான். பிள்ளையிடமும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இப்போது தினமும் ஒரே வாசகம், ஒரே இடம்: கேட்டுப் பக்கத்தில் நின்று, "பெரியம்மா பள்ளிக்கூடம் போயிட்டு, மணியடிச்ச உடனே வாரேன்." முதல் நாலு நாள் அலறினான். ஐந்தாம் நாள் கையை ஆட்டினான். அழுகையைப் பார்த்துத் திரும்பி வந்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அது இரண்டாவது அழுகைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளியில் மூன்று வகுப்புக்கும் சேர்த்து எனக்கு 23 பிள்ளைகள். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம். மூன்றாம் வகுப்பில் அரும்பும் இருக்கும், இரண்டாம் வகுப்பில் மலரும் இருக்கும். முன்பு நோட்டுகளைக் கட்டைப்பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். பயல் நடக்க ஆரம்பித்த மாதம், ஒரு பிள்ளையின் தமிழ் நோட்டைப் பருப்புச் சோற்றில் முக்கி எடுத்தான். மறுநாள் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு, புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அன்றோடு நோட்டு வீட்டுக்கு வருவது நின்றது.

இப்போது பிள்ளை எழுதி முடித்ததும் பக்கத்தில் உட்கார வைத்தே திருத்துகிறேன். ஒரு நாளில் எட்டு நோட்டுதான், மூன்று நாளில் எல்லாரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். பிள்ளை முன்னால் திருத்துகிற எட்டு, ராத்திரி பத்து மணிக்குத் தூங்கிவிழுந்து திருத்துகிற இருபத்து மூன்றைவிட அதிகம் பயன் தருகிறது. வருகைப் பதிவைச் செயலியில் காலையிலேயே போட்டுவிடுங்கள். மத்தியானம் போடலாம் என்று விட்டால் அந்த நேரம் பார்த்து சிக்னல் இருக்காது. மின்னட்டை (பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டும் பாட அட்டை) செய்வது, பாடக்குறிப்பு யோசிப்பது எல்லாம் பஸ்ஸில். முப்பத்தைந்து நிமிஷம், ஜன்னல் சீட்டு கிடைத்தால்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு கைமாத்து வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் நான் ஒரு நாள் வராவிட்டால் இன்னொரு டீச்சர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். பயலுக்குக் காய்ச்சல் வருவது அவருக்குத்தான் தண்டனை. அதனால் என் மேஜை டிராயரில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைதோறும் திருத்தி எழுதுவேன். எந்தக் குழு எந்தப் பக்கத்தில் நிற்கிறது, யார் யாரைப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, யாருக்கு அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும், யார் காலைச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் மறைத்து நாய்க்குப் போடுகிறான். கடைசியில், "ஒன்றும் முடியாவிட்டால் இதைச் செய்யச் சொல்லுங்கள்" என்று ஒரு படம் வரையும் வேலை. போன மாதம் நான் வராத நாளில் அந்த டீச்சர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார்: "படமே வரைந்தோம். நாள் முழுக்க."

விடுப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் தேவை. வருஷத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். ஜனவரியிலேயே நான் பிரித்துவிடுவேன்: ஆறு பயலுக்கு, இரண்டு அம்மா மூட்டு வலிக்கு, இரண்டு கல்யாணம் காட்சிக்கு, இரண்டு தொடவே கூடாதது. கோயில் காரியத்துக்கு இதில் கை வைப்பதில்லை, அதற்கு வரையறுக்கப்பட்ட விடுப்பு மூன்று நாள் தனியாக இருக்கிறது. சாம்பல் புதன், பெரிய வியாழன், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பல டீச்சர்மார் அதை எடுக்க மறந்துவிட்டு டிசம்பர் கடைசியில் புலம்புகிறார்கள்.

கோயில்: எதை விட்டேன்

எங்கள் தாத்தா உபதேசியார். கிராமத்தில் ஒரே கட்டடம்தான், திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு. கரும்பலகையைத் திருப்பி வைத்தால் கோயில். அவர் வாரம் முழுக்க வாத்தியார், ஞாயிறு ஆராதனை நடத்துகிறவர். இந்தப் பக்கத்து மிஷன் கிராமங்களில் பல இடத்தில் அப்படித்தான் இருந்தது. ஓய்வுநாள் பள்ளியின் கதையும் அதுதான். 1780-ல் இங்கிலாந்தில் குளோஸ்டர் ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரமெல்லாம் வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் ஓய்வுநாள் பள்ளியை நான் விடவில்லை. அது எனக்கு ஆறாவது நாள் வேலையாகத் தெரிவதில்லை, செய்து பழகிய கை.

விட்டது பாடகர் குழுவை. பத்தொன்பது வருஷம் ஆல்ட்டோ பாடினேன். வியாழக்கிழமை ஏழு மணிக்குப் பயிற்சி, அதே நேரம்தான் பயலுக்குச் சோறூட்டித் தூங்கவைக்கும் நேரம். நாலு மாதம் அரைகுறையாக ஓடி ஓடிப் போனேன். பயிற்சியில் மணியைப் பார்ப்பேன், வீட்டில் பாட்டை முணுமுணுப்பேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் பொறுப்பும் அப்போது என்னிடம் இருந்தது.

முடியாது என்று சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. "பாக்கலாம் அம்மா, ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்று ஐயரம்மாவிடம் (சபைப் போதகரான ஐயரின் மனைவி) சொல்லாதீர்கள். அது சரி என்றுதான் காதில் விழும். தேதி சொல்லி மறுக்க வேண்டும். நான் போய், "அம்மா, பயலுக்கு மூணு வயசு ஆகுத வரை வியாழக்கிழமை வர முடியாது. டிசம்பர்ல கேரலுக்கு மட்டும் வாரேன். சங்கத்துக் கணக்கை ஜூன் முதல் வாரம் ஒப்படைச்சிருதேன்" என்றேன். ஒப்படைத்த அன்று கணக்குப் புத்தகத்தோடு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: கைப்பிடி அரிசிக் காணிக்கை எந்த வீட்டில் எந்தக் கிழமை எடுக்க வேண்டும், எந்த வீட்டு அம்மாவுக்குக் காது கேட்காது, கதவைப் பலமாகத் தட்ட வேண்டும், யார் வீட்டில் காபி குடிக்காமல் வந்தால் வருத்தப்படுவார்கள். புதுச் செயலாளர் முதல் மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் போன் போட்டாள்.

பேச்சு வந்தது. "டீச்சருக்கு இப்ப சபை ரெண்டாம் பட்சமாப் போச்சு" என்று ஒருத்தர் அம்மா காதில் விழும்படியே சொன்னார். அம்மா, "அவ இடுப்புல ஒன்னு தூக்கிட்டுத்தான் வாரா, நீ ஒரு கை பிடியேன்" என்றாளாம். நான் அந்த இடத்தில் இல்லாமல் போனேனே என்று இருந்தது.

ஒன்றில் மட்டும் நான் கறார். பள்ளிக்கூட மின்னட்டைப் பெட்டியும் ஓய்வுநாள் பள்ளிப் பெட்டியும் வேறு வேறு. இரண்டையும் பழைய கல்யாணக் கார்டிலும் காலண்டர் அட்டையிலும்தான் செய்கிறேன், ஒரே கத்தரிக்கோல், ஒரே பசை. ஆனால் என் வகுப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகள் கிறிஸ்தவர்கள் இல்லை. எங்களை நம்பி எழுத்துப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். வேத வசன அட்டை தவறிப்போய்க்கூட அந்த வகுப்பில் இருக்கக் கூடாது. பெட்டிக்கு நிறம் வேறு வைத்தேன், பள்ளிக்கூடத்துக்குப் பச்சை, கோயிலுக்கு நீலம்.

பயலோடு ஞாயிற்றுக்கிழமை

தங்கச்சிக்கு ஞாயிறு டூட்டி விழும் வாரம் அவனும் என்னோடு கோயிலுக்கு வருவான். ஏழரைக்கு ஓய்வுநாள் பள்ளி, ஒன்பதுக்கு ஆராதனை. ஒன்றே முக்கால் வயதை இரண்டரை மணி நேரம் ஓர் இடத்தில் உட்கார வைக்க முடியாது, அந்த ஆசையை முதலில் விட்டுவிடுங்கள்.

உட்காரும் இடம் பக்கவாட்டுக் கதவுக்கு அடுத்த பெஞ்சு, ஓரம். கடைசி வரிசை வேண்டாம். அங்கிருந்து அவனுக்கு ஆட்களின் முதுகுதான் தெரியும், சலித்துப்போய்க் கத்துவான். பக்கவாட்டில் இருந்தால் ஆர்கன், பாடகர் குழு, மேலே சுழலும் பேன் எல்லாம் தெரியும். பாட்டு நேரம் பூரா உள்ளே, பிரசங்கம் தொடங்கி ஏழெட்டு நிமிஷத்தில் வெளியே வேப்ப மரத்தடிக்கு. ஒலிபெருக்கி வெளியேயும் இருக்கிறது, பிரசங்கம் கேட்கலாம். முதல் ஞாயிறு திருவிருந்து (பீடத்தின் முன் அப்பமும் ரசமும் வாங்குவது). முழங்கால்படியிட அவனைத் தூக்கிக்கொண்டு போனேன் ஒரு தடவை, ஐயரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இப்போது மகள் கையில் மாற்றிவிட்டுப் போகிறேன்.

பையில் என்ன இருக்க வேண்டும்: மாற்று உடுப்பு ஒன்று, தண்ணீர், நறுக்கின வாழைப்பழம் டப்பாவில், துணி பொம்மை. சத்தம் வரும் சாமான் வேண்டாம், பிஸ்கட் பாக்கெட்டின் சரசரப்பு ஜெப நேரத்தில் சபை முழுக்கக் கேட்கும். பொட்டுக்கடலை, நிலக்கடலை, மிக்சர் எதுவும் வேண்டாம். பெஞ்சில் பக்கத்தில் இருக்கிற பாட்டிமார் அன்பாக முந்தானையிலிருந்து எடுத்து வாயில் போடுவார்கள், வெடுக்கென்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வயதில் அது மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று தங்கச்சி வார்டில் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள், இங்கே எழுத மனம் வரவில்லை.

என் வகுப்பில் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: காணிக்கைத் தட்டு பிடிப்பது. பிள்ளைகள் போடுகிற நாணயம் கலகலவென்று விழும், அவனுக்கு அதுவே போதும். எண்ணும்போது மட்டும் ஒரு கண் வேண்டும், இரண்டு ரூபாய் ஒரு தடவை வாய்க்குள் போய்விட்டது.

சாயங்காலமும் குடும்ப ஜெபமும்

வீட்டுக்கு ஐந்து மணிக்கு முன்பு வந்துவிடுவேன். முதலில் நோட்டு. பிறகு இருபது நிமிஷம் தரையில் உட்கார்ந்து அவனோடு மட்டும். போன் கைப்பையிலேயே இருக்கும். இந்த இருபது நிமிஷத்தைக் கொடுத்துவிட்டால் பிறகு ஒரு மணி நேரம் என்னை விட்டுவிடுவான், கொடுக்காவிட்டால் ராத்திரி வரை முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவான்.

மத்தியானத் தூக்கம் மூன்று மணிக்கு மேல் போகக் கூடாது. அம்மாவுக்குப் பிள்ளையை எழுப்ப மனசு வராது, "தூங்குத பிள்ளைய எழுப்பினா பாவம்" என்பாள். நாலரைக்கு எழுந்த பிள்ளை ராத்திரி பதினொன்றுக்கு என் மகளின் பரீட்சைப் புத்தகத்தின் மேல் நடனம் ஆடும். இதற்காகவே நோட்டில் தூக்க நேரம் எழுதுவது. ஒரு வாரம் எழுதிவிட்டு அம்மாவிடமே படித்துக் காட்டினேன்: மூன்றுக்கு எழுந்த நாள் ராத்திரி தூக்கம் எட்டரை, நாலரைக்கு எழுந்த நாள் பத்தே முக்கால். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவே மறுநாளிலிருந்து எழுப்பிவிட்டாள்.

குடும்ப ஜெபம் ஏழேகாலுக்கு. எங்கள் அப்பா காலத்தில் முழு அதிகாரம் வாசித்து, இரண்டு கீர்த்தனை பாடி, ஆளுக்கொரு ஜெபம். இப்போது வேதத்திலிருந்து சங்கீதம் ஒன்று, பாட்டு ஒன்று, ஒருவர் ஜெபம். 121-ஆம் சங்கீதம் எட்டே வசனம், போக்கும் வரத்துமாக அலைகிற வீட்டுக்குப் பொருத்தம். பயல் ரகளை செய்கிற நாளுக்கு 117, இரண்டே வசனம். "நல்ல சங்கீதமாப் பாத்து வச்சிருக்கா" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

மாதக் காலண்டர், டிசம்பர், காசு

தங்கச்சியின் டூட்டி அட்டவணை வந்த அன்றே சமையலறைக் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். காலைக்குச் சூரியன், மாலைக்கு விளக்கு, ராத்திரிக்கு நிலா, மகள் வரைந்துவிடுவாள். நிலா வாரம்தான் கஷ்டம். அவள் பகலில் தூங்க வேண்டும், பயலும் பகலில் இங்கே, ராத்திரியும் இங்கே. அந்த வாரத்தில் நான் வேறு எதற்கும் ஒத்துக்கொள்வதில்லை, சித்தி மகன் நிச்சயதார்த்தம் உள்பட.

டிசம்பரில் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்: அரையாண்டுத் தேர்வு, ஓய்வுநாள் பள்ளிக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, கேரல், தங்கச்சிக்கு 25-ஆம் தேதி விடுப்பு கிடைக்காது என்பது. நிகழ்ச்சிக்கு நவம்பர் முதல் வாரமே பயிற்சி தொடங்கிவிடுவேன், அதுவும் இரண்டே பாட்டு, ஒரே நாடகம், தேவதூதர்களுக்குப் பழைய வெள்ளைத் துணி. மே மாதம் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) பத்து நாளும் பயல் என்னோடு, பள்ளி விடுமுறை என்பதால் சமாளிக்கலாம். அசனத்துக்கு (சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் விருந்து) முந்தின ராத்திரி காய் நறுக்க முன்பெல்லாம் விடிய விடிய உட்கார்வேன். இப்போது ஆறு முதல் எட்டு வரை வெங்காயம் மட்டும். வெங்காயத்துக்கு ஆள் எப்போதும் குறைவு, அதனால் இரண்டு மணி நேரத்திலேயே நல்ல பெயர் கிடைத்துவிடும்.

காசு பற்றி உறவுக்குள் பேசக் கூச்சம். பேசாமல் விட்டதால் எங்களுக்குள் ஒரு மாதம் முகம் சுருங்கியது. தங்கச்சி பணம் கொடுத்தாள், நான் வாங்கவில்லை, அவள் அதற்குப் பதில் என் மகளுக்குத் துணி எடுத்துக் குவித்தாள், என் மகள் பால் வாங்கப் போகும்போதெல்லாம் என் காசு போனது. கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். பால், டயப்பர், மருந்து அவள் வாங்கிக் கொடுப்பது. எனக்கு ஒன்றும் வேண்டாம். அம்மாவுக்கு மாதம் இரண்டாயிரம், அம்மா கையிலேயே. அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள். முதல் மாதம் வாங்கிய அன்றே அதில் தசமபாகம் (கோயிலுக்குப் பத்தில் ஒரு பங்கு) எடுத்து உறையில் போட்டு வைத்தாள், அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குத் தங்கச்சி டூட்டி முடித்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே நோட்டை எடுத்தாள். பயல் தூங்கிவிட்டிருந்தான். அம்மாவின் கோணல் எழுத்து: "சாப்பாடு 12, பாதி. தூக்கம் 12.50 - 3. வயிறு சரி. மருந்து இல்லை. சொல்ல வேண்டியது: இன்று ஆச்சி என்று சொன்னான். அம்மா என்றும் சொன்னான், ஆனால் ஆட்டைப் பார்த்து." தங்கச்சி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.